டினேஸின் நிபந்தனை

சட்டத்துறையின் மாதச் செய்திமடல் நான்கே பக்கம். முதற்பக்கத்தில் வரவிருக்கும் நிகழ்வுகள், நடுவில் ஆசிரியர் செய்திகள், கடைசியில் மாணவர் செய்திகள். அதைத் தொகுக்கும் பொறுப்பு மூன்றாம் வருட மாணவி வினோஜாவுடையது. மாதம் முடிகிற வேளையில் விரிவுரையாளர்களின் அறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், கதவில் சாய்ந்துகொண்டு செய்தி கேட்பாள். அன்றைக்கு ஜெயந்தினியின் அறைக்கு வந்தபோது ஜெயந்தினி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ், உங்களிட்டை ஏதும் செய்தி இருக்கோ?"

"பிறேம் சேர் கொழும்பிலை கட்டுரை வாசிக்கப் போறார். அதைப் போடும்."

"அதைப் போட்டிட்டன். உங்கடை செய்தி?"

"என்னட்டை ஒண்டும் இல்லை."

"போன மாதமும் உதைத்தான் சொன்னனீங்கள்."

ஜெயந்தினி சிரித்துவிட்டு, வினோஜா நீட்டிய முதற்பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். மாதிரி வழக்காடல் போட்டியின் இறுதிச்சுற்று எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் இருந்தது. பொறுப்பாசிரியர் என்று அவளுடைய பெயர். திகதியைக் கண்டதும் அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"வினோஜா, அண்டைக்குக் காலமை நான் இருக்கமாட்டன். கோட்டுக்குப் போகவேணும். மத்தியானத்துக்குப் பிறகு வந்திடுவன். அதுவரைக்கும் பிறேம் சேர் பாத்துக்கொள்ளுவார்."

"கோட்டுக்கோ? என்ன வழக்கு மிஸ்?"

"ஒரு அலுவல்" என்றாள் ஜெயந்தினி.

உண்மையில் செய்தி இருந்தது. சொல்லத்தான் துணிவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கு அவள் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்திருந்தாள். அதன் கடைசி விசாரணை அன்றைக்குத்தான்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கலியாணம் பேசின காலத்தில் நாட்டில் போர், பிறகு மேற்படிப்பு, பிறகு தாய் வினிபிரட்டின் நீண்ட நோய். தாய் போனபின் இணுவில் வீட்டில் அவளும் தகப்பன் ஹரோல்ட்டும் மட்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவர் ஹரோல்ட். தனிமை தாங்காமல் பிள்ளை தேடினாள் என்று ஊரில் சிலர் பின்னால் சொன்னார்கள். அப்படியில்லை. அவள் எந்தப் பிள்ளையையும் தேடிப் போகவில்லை. முந்தின வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அச்சுவேலியில் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போனாள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுப்பதற்கான சட்ட உதவி முகாம் அது. வாசலில் கழற்றி விட்ட அவளுடைய செருப்புகள் திரும்பி வந்து பார்த்தபோது இல்லை. மாணவர்கள் தேடிக்கொண்டிருக்கையில், ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சின்னப் பெண் அந்தச் செருப்புகளைப் போட்டுக்கொண்டு, கையிலே ஒரு ஃபைலும் வைத்துக்கொண்டு, முற்றத்தில் பெரிய மனிசி மாதிரி நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடிவந்த அண்ணன்காரன் செருப்புகளைக் கழற்றி, தன் சேட்டு நுனியால் தூசி துடைத்து, ஜெயந்தினியின் காலடியில் சோடியாக வைத்தான்.

"தங்கச்சி தெரியாமல் போட்டிட்டா, மிஸ்."

பெண்ணுக்குப் பெயர் ஷெரோன். அவன் டினேஸ். குருநகர்ப் பிள்ளைகள். தகப்பன் சந்தியோகு கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அடுத்த வருடமே தாயும் காய்ச்சலில் போய்விட்டாள். இல்லத்தை நடத்துகிற அற்புதராணி சிஸ்டர் இதையெல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சின்னவளைக் கேட்டு ரெண்டு குடும்பம் வந்தது. பெரியவனை ஒருத்தருக்கும் வேண்டாம். பிரிச்சுக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை."

இணுவிலுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெயந்தினிக்கு அந்தச் சேட்டு நுனிதான் நினைவில் நின்றது. சில கிழமைகள் யோசித்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தகப்பனிடம் சொன்னாள். ஹரோல்ட் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்துதான் கேட்டார்.

"அதுகள் வேதக்காரப் பிள்ளையளோ?"

"கத்தோலிக்கப் பிள்ளையள், பப்பா. பூசைக்குப் போகவேணுமெண்டு சிஸ்டர் சொல்லுறா."

"நான் கூட்டிக்கொண்டு போறன். எழுபது வருசமா புரட்டஸ்தாந்துக் கோயில் வாங்கிலை இருந்தவன், கொஞ்ச நாளைக்குக் கத்தோலிக்கக் கோயில் வாங்கிலையும் இருந்து பாக்கிறனே."

அதன்பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தார். அயலில் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரும் இணுவிலுக்கு வந்து போனார்கள். ஷெரோன் வந்த முதல் நாளே வீட்டைப் பிரித்து மேய்ந்தாள். ஹரோல்ட்டின் மூக்குக்கண்ணாடி அவளுடைய மூக்கில் ஏறியது. டினேஸ் அப்படியில்லை. கதிரையின் விளிம்பில் இருப்பான். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்வான். கேக் துண்டைக் கொடுத்தால் முதலில் தங்கச்சியின் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். போகும்போது ஒவ்வொரு முறையும் "நன்றி மிஸ்" என்பான். அவனுக்குக் கூச்சம், போகப் போகச் சரிவரும் என்று ஜெயந்தினி நினைத்தாள்.

விசாரணை நாளன்று நீதிபதி எல்லோரையும் தன் தனியறைக்குள் அழைத்தார். மெல்லிய குரலில் பேசுகிற பெண் நீதிபதி. ஜெயந்தினிக்காக வந்திருந்த சட்டத்தரணி ஸ்ரெல்லா அவளோடு கூடப் படித்தவள். அறிக்கைகள் எல்லாம் நல்லபடியாகவே இருந்தன. ஸ்ரெல்லா முகத்தில் முன்கூட்டியே சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி ஷெரோனிடம் பெயரும் வகுப்பும் கேட்டார். பிறகு டினேஸின் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்குப் பன்னிரண்டு வயது. உம்மடை விருப்பத்தைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யேலாது. இந்த அன்ரியின்ரை பிள்ளையாப் போய் இருக்க உமக்குச் சம்மதமோ?"

டினேஸ் சிஸ்டரைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். ஜெயந்தினியைப் பார்க்கவில்லை.

"இல்லை" என்றான்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை சம்மதிக்காவிட்டால் தத்து இல்லை. குடும்பச் சட்ட வகுப்பில் ஜெயந்தினி வருடாவருடம் படிப்பித்து வந்த விதி அது. 'இந்த இடத்திலை சட்டம் பெரியாக்களைப் பார்த்துப் பேசாமல் இருங்கோ எண்டு சொல்லுது' என்பாள். மாணவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு மிகவும் பிடித்த விதி. அது தன் நெஞ்சில் வந்து இடிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

நீதிபதி அவனிடம் ஏன் என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவசரமில்லை" என்று சொல்லி இரண்டு கிழமை தள்ளித் திகதி கொடுத்தார்.

வெளியே விறாந்தையில் ஸ்ரெல்லா மெதுவாக, "நான் அவனோடை ஒருக்காக் கதைச்சுப் பாக்கட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அவன் தனக்குச் சரியெண்டு பட்டதைச் சொன்னவன். இப்ப ஒருத்தரும் அவனை ஒண்டும் கேக்கவேண்டாம்."

சொல்லிவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று போய்க் கொஞ்ச நேரம் தனியே நின்றாள். அழுகை வந்தது. அடக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தகப்பனுக்கு அழைப்பெடுத்தாள். அவர் வீட்டில் மத்தியானச் சமையலை முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"பப்பா, இண்டைக்குச் சரிவரேல்லை. டினேஸ் வேண்டாமெண்டிட்டான்."

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஹரோல்ட் கேட்டார்: "பெடியன் ஏதும் சாப்பிட்டவனோ?"

அந்தக் கேள்விதான் அவளை நிமிர்த்தியது. அற்புதராணி சிஸ்டருக்கு யாழ்ப்பாணத்தில் வேறு அலுவல்கள் இருந்தன. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை பிள்ளைகளை வைத்திருக்க முடியுமா என்று சங்கடத்தோடு கேட்டார். ஜெயந்தினி இரண்டு பேரையும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்தாள். பிறகு முச்சக்கரவண்டியில் சட்டத்துறைக்குக் கூட்டிப் போனாள். வழியில் டினேஸ் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஷெரோன்தான் வண்டிக்காரரிடம் கதை கேட்டுக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் இறுதிச்சுற்று தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற வினோஜா பிள்ளைகளைக் கண்டாள், ஜெயந்தினியின் முகத்தையும் கண்டாள். ஒன்றும் கேளாமல் முன்வரிசையில் மூன்று கதிரைகளை ஒதுக்கிக் கொடுத்தாள்.

கற்பனை வழக்கு. ஒரு தாய் தன் வீட்டை வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு எழுதிக் கொடுக்கிறாள். சாகும் வரைக்கும் தான் அந்த வீட்டிலேயே இருப்பேன் என்பது நிபந்தனை. மகன் வீட்டை விற்றுவிடுகிறான். தாய்க்காக வாதாட எழும்பியவள் ஜெசிதா என்ற நாலாம் வருட மாணவி. கறுப்புக் கோட்டு அவளுக்குக் கொஞ்சம் பெரிது. நடுவராக வந்திருந்தவர்கள் அவளை வசனம் முடிக்க விடவில்லை. குறுக்கே குறுக்கே கேட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாள். "தாய் வீட்டைக் கொடுக்க மறுக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே. ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். கொடுத்ததை ஏற்றுக்கொண்டவர் நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டவரே."

டினேஸ் கதிரை விளிம்பிலிருந்து முன்னுக்குச் சரிந்திருந்தான்.

"உந்த அக்கா பொய்யாத்தானே கதைக்கிறா?" என்று இரகசியமாகக் கேட்டான். அன்றைக்கு அவன் ஜெயந்தினியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வழக்குத்தான் பொய். அவ கதைக்கிறது மெய்யாத்தான்."

"நிபந்தனை எண்டால், ஓமெண்டும் சொல்லி, ஆனால் இது வேணுமெண்டும் சொல்லுறதோ?"

"ஓம்."

அவன் மறுபடியும் மேடையைப் பார்க்கத் தொடங்கினான். ஷெரோன் ஜெயந்தினியின் மடியில் தலை வைத்து நித்திரையாகிவிட்டாள். ஜெசிதாவின் பக்கம் வென்றது. கைதட்டல் சத்தத்திலும் ஷெரோன் எழும்பவில்லை. பரிசு கொடுக்க ஜெயந்தினியை மேடைக்கு அழைத்தபோது டினேஸ் தங்கச்சியின் தலையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.

எல்லோரும் கலைந்துபோன பிறகு, சிஸ்டர் வரும்வரை மூவரும் துறையின் படியில் இருந்தார்கள். ஷெரோன் யாரோ கொடுத்த பலூனை நிலத்தில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். டினேஸ் அவளையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தங்கச்சியை மட்டும் கூட்டிக்கொண்டு போறீங்களோ, மிஸ்? நான் அங்கை சிஸ்டரோடை இருக்கிறன்."

"நான் ஒராளை மட்டும் கேக்கேல்லை, டினேஸ். ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் கேட்டனான். உமக்கு விருப்பமில்லாட்டில் ரெண்டு பேரும் ஒண்டாவே அங்கை இருங்கோ. நான் முந்தி மாதிரி வந்து பாப்பன். அதிலை ஒரு மாற்றமும் இல்லை."

"விருப்பமில்லையெண்டு இல்லை."

அவள் காத்திருந்தாள்.

"அப்பாவை ஒருத்தரும் காணேல்லை, மிஸ். மரணச் சேட்டிபிக்கற் இருக்கெண்டு சிஸ்டர் சொன்னவ. ஆனால் ஒருத்தரும் கண்ணாலை காணேல்லை. வள்ளமும் வரேல்லை. நான் ஓமெண்டு சொன்னால், அப்பா இல்லையெண்டு நான் சொன்ன மாதிரியெல்லோ?"

ஜெயந்தினிக்கு, அவன் அப்பா வரமாட்டார் என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. வருவார் என்று சொல்லவும் முடியாது.

"அப்பா வந்தாலும் குருநகருக்குத்தானே வருவார்" என்று அவன் தொடர்ந்தான். "அங்கை கேட்டால் நாங்கள் அச்சுவேலியிலை எண்டு சொல்லுவினம். அச்சுவேலிக்கு வந்தால் நாங்கள் அங்கை இல்லை. பேரும் மாறிப்போச்செண்டால் என்னெண்டு தேடுவார்?"

"அப்ப நாங்கள் என்ன செய்யவேணும், சொல்லும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். யோசித்து வைத்திருந்ததைப் போலச் சொன்னான்.

"நானும் ஒரு நிபந்தனை சொல்லலாமோ?"

"சொல்லலாம்."

"சந்தியோகு எண்ட பேர் எனக்கும் தங்கச்சிக்கும் இருக்கோணும். கனிசியஸ் மாமாட்டைப் போய் நாங்கள் எங்கை இருக்கப் போறமெண்டு சொல்லோணும். அவர் அப்பாவோடை கடலுக்குப் போறவர், அண்டைக்குத்தான் போகேல்லை. அப்பா வந்தால் முதல் அவரிட்டைத்தான் போவார்."

"பேரைப் பற்றி ஸ்ரெல்லா அன்ரி கோட்டிலை கேப்பா. நீதிபதி மாட்டன் எண்டு சொல்லமாட்டா எண்டுதான் நினைக்கிறன். ஆனால் அது என்ரை கையிலை இல்லை. கனிசியஸ் மாமாட்டைப் போறது என்ரை கையிலைதான் இருக்கு. சனிக்கிழமை போவம்."

சனிக்கிழமை காலை மூவரும் குருநகருக்குப் போனார்கள். கனிசியஸ் கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த, தாடி நரைத்த மனிதர். டினேஸைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழும்பினார். ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, அவனைத் தொடாமல் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சந்தியோகுடை பெடியன். என்ன மேனை, இவ்வளவு வளந்திட்டாய்."

டினேஸ் வந்த விசயத்தைத் தானே சொன்னான். இந்த மிஸ் தங்களை இணுவிலுக்குக் கூட்டிப் போகப்போகிறார் என்றும், அப்பா வந்தால் அங்கே வரச் சொல்லவேண்டும் என்றும். கனிசியஸ் ஒரு கணம் ஜெயந்தினியின் முகத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே விசயம் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு அவர் குந்தி இருந்து, அவனுடைய கண் மட்டத்துக்கு வந்தார்.

"வடிவாச் சொல்லு மேனை. இணுவிலிலை எவ்விடம்?"

"கந்தசுவாமி கோயிலடியிலை இறங்கவேணும். இடக்கைப் பக்கம் இரண்டாவது ஒழுங்கை. நீலக் கேற்."

"நீலக் கேற்" என்று கனிசியஸ் திருப்பிச் சொன்னார். "அந்த ஒழுங்கையிலை வேறை நீலக் கேற் இல்லையோ?"

டினேஸ் தடுமாறி ஜெயந்தினியைப் பார்த்தான். "இல்லை. ஒண்டுதான்" என்றாள் அவள். "முன்னாலை ஜாம் மரம் நிக்குது. எங்கடை பப்பாவின்ரை பேர் ஹரோல்ட். ஹரோல்ட் மாஸ்ரர் வீடெண்டால் ஆரும் காட்டுவினம்."

"கோயிலடி, இடக்கைப் பக்கம், இரண்டாவது ஒழுங்கை, நீலக் கேற், ஜாம் மரம், ஹரோல்ட் மாஸ்ரர்." கனிசியஸ் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். "நான் மட்டுமில்லை, மேனை. மற்ற வள்ளக்காரருக்கும் சொல்லிவிடுறன். எங்கடை பங்குக் கோயில் சுவாமியாருக்கும் சொல்லுறன். ஆர் வந்து கேட்டாலும் இந்தக் கரையிலை ஒருத்தனாவது இடம் சொல்லுவான். நீ அதை யோசிக்காதை."

டினேஸ் தலையாட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். கனிசியஸ் அவனுடைய முதுகைத் தட்டிக்கொண்டே கடலைப் பார்த்தபடி இருந்தார். ஜெயந்தினி ஷெரோனைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் அப்பால் நடந்தாள்.

அடுத்த விசாரணையில் நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார். "ஓம்" என்றான் டினேஸ். "ஆனால் சந்தியோகு எண்ட பேர் இருக்கோணும்." ஸ்ரெல்லா எழும்பி வாய் திறக்குமுன்பே அவன் சொல்லிவிட்டான். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தி, "இருக்கும் தம்பி. கட்டளையிலேயே எழுதுறன்" என்றார். ஸ்ரெல்லா மெல்ல உட்கார்ந்தாள். பிறகு விறாந்தையில், "என்ரை வேலையை உவன் பறிச்சுப்போட்டான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வினோஜாவுக்கு அந்த மாதம் செய்தி கிடைத்தது. ஆனால் போடுவதற்கு முன் டினேஸின் அனுமதியைக் கேட்கவேண்டும் என்று ஜெயந்தினி சொல்லிவிட்டாள். வினோஜா இணுவிலுக்கே வந்து, எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டே வரி. அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, ஹரோல்ட் தாத்தாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னான். சேர்த்தாள்.

பிள்ளைகள் வந்தபின் வீடு ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஷெரோன் காய்ச்சல் வந்தால் அம்மா என்பாள். காய்ச்சல் விட்டதும் மிஸ் என்பாள். டினேஸுக்கு எப்போதும் மிஸ்தான். ஜெயந்தினி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு பின்னேரம், பரீட்சைச் சபைக் கூட்டம் நீண்டுவிட்டது. கைத்தொலைபேசியில் சார்ச் இல்லை. வெளியே நல்ல மழை. பஸ் பிந்தி வந்தது. ஜெயந்தினி கோயிலடியில் இறங்கியபோது, தரிப்பிடத்தில் ஒரு குடையின் கீழே டினேஸ் நின்றான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கனநேரம் நின்றிருக்கவேண்டும். உதடு வெளிறிப்போய் இருந்தது.

"ஏன் பிந்தினீங்கள்?" என்று கேட்டான். இவ்வளவு காலத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதற்தடவை. "நாலு மணிக்கு வாறனெண்டு சொன்னனீங்கள். எத்தினை தரம் போன் எடுத்தனான். ஆரிட்டையும் போன் வேண்டி ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே."

காரணம் சொல்ல வாயெடுத்தவள் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். வருகிறேன் என்று சொல்லிப் போனவரை நம்பி, கரையில் நின்று பார்த்த பிள்ளை அவன்.

"பிழைதான், டினேஸ். எடுத்திருக்கவேணும். இனிப் பிந்தினால் கட்டாயம் சொல்லுவன்."

"சொல்லோணும்" என்றான்.

பிறகு அவளுடைய தோளிலிருந்த பாரமான பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, குடையை அவளுடைய தலைக்கு மேலே எட்டிப் பிடித்தான். ஒழுங்கை முழுக்க வெள்ளம். தாத்தா சுடுதண்ணி வைத்திருக்கிறார், ஷெரோன் வீட்டுப்பாடம் செய்யாமல் அழுகிறாள் என்று வீட்டுச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு, அவனுக்குக் கை வலிக்காமல் இருக்கக் கொஞ்சம் குனிந்தே நடந்தாள்.